பேரருவியில் பெண்கள் பக்கம்

பிரேயர் மணி அடித்ததும் என் கண் முதலில் தேடுவது பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில் அந்தப் பிள்ளை நிற்கிறாளா என்பதைத்தான். நின்றால் எனக்கு மூச்சு வரும். காணவில்லை என்றால் பிரேயர் முடிகிற வரைக்கும் கால் தரையில் பாவாது. போன வருடம் சாரல் காலம் முழுக்க இப்படித்தான் கழிந்தது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூடப் போன் அடிக்கிறதோ என்று ஈரக் கையோடு ஓடுவேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். எடுத்தால் லோன் வேண்டுமா மேடம் என்பார்கள். நான் திட்டிய திட்டில் அதில் ஒருவனாவது வேலையை விட்டிருப்பான்.

நான் தென்காசியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். குரலும் அதற்கு ஏற்றாற்போல்தான். கீழே பத்தாம் வகுப்பில் நான் போடுகிற சத்தத்துக்கு மாடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இப்படிப்பட்ட என்னைப் பிடித்துப் பிள்ளைகளின் மனநலத்துக்குப் பொறுப்பாசிரியர் என்று போட்டார் எங்கள் தலைமையாசிரியை. முதலில் அந்தப் பொறுப்பைப் பார்த்த சின்ன டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பு ஏற்கெனவே இருந்தது. மிச்சம் இருந்தது நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தே விட்டார். உன்னைப் பார்த்துப் பயந்து போகிற பிள்ளைகளை இனிமேல் நீயே தேற்றிவிடலாம், வேலை ஒரே இடத்தில் முடிந்துவிடும் என்றார்.

திருநெல்வேலியில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. பயிற்சி கொடுத்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது, பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லாதீர்கள் என்று. எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆனாலும் அந்த அம்மா சொன்ன வேறு சில விஷயங்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. பிள்ளை தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. பதற்றத்தில் மூச்சு தாறுமாறாகப் போனால், உள்ளே இழுக்கிற மூச்சைவிட வெளியே விடுகிற மூச்சு நீளமாக இருக்கும்படி நாமும் சேர்ந்து விட வேண்டும், வாயைக் குவித்து ஊதுவதுபோல். நாங்கள் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து ஊதிப் பார்த்தோம். பக்கத்தில் இருந்த வீரகேரளம்புதூர் டீச்சர், இட்லி அடுப்பு ஊதுவது மாதிரி இருக்கிறது என்றார்.

வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ரெண்டு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் சிரிக்கிற பிள்ளையின் படம். ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்களும் பி.டி. வகுப்புக்குப் போகாமல் இருக்க வழி பார்த்து வந்தவர்கள். எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதி முதல் மிட்-டெர்ம் கணக்குத் தேர்வு வரைக்கும்தான். நான்தான் ஹாலில் இருந்தேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பாதித் தேர்வில் மூன்றாம் பெஞ்சில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பிள்ளை எழுந்து நிற்கிறாள், வாய் திறந்திருக்கிறது, மூச்சு வேகமாக இழுக்கிறது. கை ரெண்டும் மார்புக்கு முன்னால் மடங்கி, விரல்கள் உள்ளே குவிந்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய் இறுகியிருக்கிறது. பிள்ளைகள் வலிப்பு என்று கத்தினார்கள். ஒருத்தி ஓடிப்போய் அலுவலகத்துச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணிக்கப் பார்த்தாள். கை திறந்தால்தானே திணிப்பதற்கு? நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் வராந்தாவுக்குப் போனார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினேன். அவளும் என்னைப் பார்த்துப் பார்த்து ஊதினாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அவள் சாதாரணப் பிள்ளை இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். வாசல் சுவரில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் ஒரு வருடத்துக்கு மேலாகத் தொங்கியது. கன்னத்துப் பக்கம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தாலும் அட்மிஷனுக்கு ஆகும் என்று கழற்றாமல் வைத்திருந்தார்கள். ஆய்வகத்துப் பின்னறையில் உட்கார வைத்ததும் அவள் முதலில் பேசியது அந்தப் பேனரைப் பற்றித்தான். தினமும் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே உள்ளே வருகிறாளாம். அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளை வேறு யாரோ, அவள் வாங்கிய மார்க்கை இனி நான் வாங்க முடியாது, எல்லோரும் அவளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள் என்றாள். பிளஸ் ஒன் பாதியிலிருந்தே இந்த மாதிரி வருகிறது, வீட்டில் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு சரியாகிற வரைக்கும் உள்ளேயே இருந்துவிடுவேன் என்றாள். நான் அறிவுரை சொல்லாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூச்சு முட்டும்போது, இப்படியே திரும்ப வராமப் போயிட்டா நல்லதுன்னு தோணுது டீச்சர். நான் ஒண்ணும் செஞ்சிக்கிட மாட்டேன். சும்மா தோணுது, அவ்வளவுதான்."

பயிற்சியில் கேட்டபோது அது ஒரு பாடம். பதினேழு வயதுப் பிள்ளை, ரெட்டைச் சடை, ரிப்பன், என் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போது அது வேறு. அவளை உட்கார வைத்துக்கொண்டே சுவரில் சிரிக்கிற பிள்ளையின் படத்துக்கு அடியில் போட்டிருந்த மனநல உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள், அவளிடமும் பேசினாள். பிறகு என்னிடம், தனியாக விடாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றாள். சாயங்காலம் வாட்ச்மேனிடம் அரிவாளை வாங்கிப் போய் பேனரின் கயிற்றை அறுத்துவிட்டேன். தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார். சாரல் காற்றில் அறுந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. சண்டை வந்தது. பேனர் திரும்ப ஏறவில்லை.

அவளுடைய அப்பா போலீஸ் ஏட்டு. சீசன் நேரத்தில் அவருக்குக் குற்றாலத்தில் பேரருவியில்தான் டியூட்டி. அழைத்ததும் வந்துவிட்டார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், தலை மட்டும் ஈரம். இந்த மனிதர் எப்போது பள்ளிக்கு வந்தாலும் தலை ஈரமாகத்தான் இருக்கும். மாசி மாதம் அருவியில் நூல் மாதிரி தண்ணீர் விழுகிற காலத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோதும் அப்படித்தான் வந்தார். ஏட்டய்யா அருவியைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. நடிப்பு, சோம்பேறித்தனம் என்றெல்லாம் சொல்வார், அவரைத் திட்டித் தீர்த்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அது சூடு என்றார். கண் முழித்துப் படித்து உடம்புச் சூடு தலைக்கு ஏறிவிட்டது, அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் இறங்கிவிடும் என்றார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. மனசு சரியில்லாதவர்களைத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய் அருவிக்கடியில் நிறுத்துவது இங்கே காலகாலமாக நடக்கிறது. எங்கெங்கிருந்தோ கூட்டி வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் மட்டும் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் தெருவில் ஒருவர் தொடர்ந்து காலையில் ஈரத் தலையோடு குற்றாலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். யாரும் கேட்க மாட்டார்கள், பார்வை மட்டும் ஒரு நொடி கூடுதலாக நிற்கும்.

நான் ஆஸ்பத்திரி என்றேன். இங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு பணம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அடிதடி கேஸ், விபத்து கேஸ் என்று மாதத்தில் பாதி நாள் அவர் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்களைக் கூட்டிப் போகிறார்.

"அங்கன வாட்ச்மேன்லேருந்து நர்ஸம்மா வரைக்கும் எல்லாருக்கும் என்னத் தெரியும் டீச்சர். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பேசணும்லா. அந்த ரூம் வாசல்ல எம்பிள்ளையக் கூட்டிட்டு நிக்கச் சொல்லுதியளா?"

"நிக்கத்தான் சொல்லுதேன்."

அவர் எழுந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் டப்பாவை எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் எறிந்தால் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், டி.சி. வாங்கிவிடுவார், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பூட்டிய பாத்ரூமுக்குள் தனியாக இருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். இன்னொரு சங்கடமும் அவருக்கு இருந்தது. பேரருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கம் அவர் காலடி வைக்க முடியாது. மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். பிள்ளையைத் தனியாக விடாதே என்று நான்தான் இப்போது சொல்லியிருக்கிறேன். அதனால் நீங்கள் கூட நிற்பீர்களா என்று கேட்டார்.

நான் பேரம் பேசினேன். சாரல் முடிகிற வரைக்கும் தினமும் காலையில் நான் வருகிறேன். சாரல் முடிந்ததும் மறுபேச்சு இல்லாமல் ஆஸ்பத்திரி. நடுவில் அவள் நிலைமை மோசமானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீட்டில் பாத்ரூம் தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்ற வேண்டும், இரவில் அம்மா பக்கத்தில்தான் அவள் படுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். தாழ்ப்பாளைக் கழற்றியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். உதவி எண்ணுக்குத் திரும்ப அழைத்துச் சொன்னபோது, அந்தப் பெண் அருவிக்கு ஒன்றும் சொல்லவில்லை, டாக்டரைத் தள்ளிப்போடுவதுதான் சரியில்லை என்றாள். எனக்கு மட்டும் அது தெரியாதா? கிடைத்தது இவ்வளவுதான்.

அப்படித்தான் என் மாணவியோடு பேரருவியில் நிற்க ஆரம்பித்தேன். மேலகரத்தில் என் வீட்டு வாசலில் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஏட்டு முன்னால் போய்விடுவார். நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில் போவோம். சிப்ஸ் கடைகள் அப்போதுதான் தார்ப்பாயை விலக்குவார்கள். மங்குஸ்தான் விற்கிறவர்கள் கூடையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்னால் பெண்கள் பக்கம் காலியாக இருக்கும். சுடிதாரோடு உள்ளே இறங்கிப் பாறையை ஒட்டிப் போட்டிருக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வோம். மேலே இருந்து விழுகிற தண்ணீர் முதுகில் அறையும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும். நான் உள்ளூர்க்காரிதான், ஆனால் குளிர் எனக்கு ஆகாது.

முதல் சில காலைகள் அவள் சும்மா நின்றாள். பிறகு ஒரு நாள் பார்த்தேன், தண்ணீருக்குள் அவள் வாய் அகலத் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கத்துகிறாள். பக்கத்தில் நிற்கிற எனக்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை. அருவிக்கு முன்னால் நம் தொண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை, ஏழாம் வகுப்பை அடக்குகிற என் தொண்டை உட்பட. எனக்குத் திக்கென்றது. வெளியே வந்து துண்டால் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே என்ன என்று கேட்டேன். அங்கன கத்தினா யாருக்கும் கேக்காதுல்லா டீச்சர் என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பருப்பு வடை வாங்கிச் சாப்பிட்டோம். அவள் ரெண்டாவது வடைக்கும் கை நீட்டினாள்.

சில நாளில் ஊர் பேச ஆரம்பித்தது. ஆனால் அவளைப் பற்றி இல்லை. தினமும் ஈரத் தலையோடு ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறது நான். எங்களுக்கு முன்னால் போய் அருவியில் காவல் நிற்கிறது ஒரு போலீஸ்காரர். பாவம் கணக்கு டீச்சருக்குத் தலைக்கு ஏறிவிட்டதாம், துணைக்கு ஒரு மாணவியைக் கூட்டிப் போகிறாளாம், முறுகிவிட்டால் பிடிக்க ஏட்டைப் போட்டிருக்கிறார்களாம் என்று கதை கட்டிவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரிடம், அண்ணாச்சி, வீட்ல இப்ப எப்படி இருக்காவ என்று தணிந்த குரலில் விசாரித்திருக்கிறார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? முன்னைக்கு இப்ப பரவால்ல என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு இரவு அவருக்குச் சாப்பாடு லேட்டாகத்தான் கிடைத்தது. ஆனாலும் அந்தப் பேச்சை நான் மறுக்கவில்லை. என்னைப் பேசுகிற வரைக்கும் அவளைப் பேச மாட்டார்கள். எனக்கு இனிமேல் யாரும் சம்பந்தம் பேசப் போவதில்லை.

என் கவலை வேறு. அவள் முகம் தெளிந்துகொண்டு வந்தது. காலையில் சாப்பிட்டாள். ஏட்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம், பாத்தியளா டீச்சர், எறங்கிட்டுல்லா என்றார். ஆனால் வகுப்பில் நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் அவள் இடது கை டெஸ்க்குக்குக் கீழே போயிருக்கும். வலது கையால் அதன் விரல்களைப் பிரித்து விட்டுக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அருவி காலை நேரத்தைப் பார்த்துக்கொண்டது, சரி. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? இப்போதே போகலாம் என்று ஏட்டிடம் சொன்னேன். சாரல் முடியட்டும் டீச்சர், நீங்கதான சொன்னிய என்றார். என் பேரத்தைக் கொண்டே என்னை மடக்கினார். சாரல் முடிந்தால் அதுதான் சரியாகிவிட்டதே என்பார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வானத்தைப் பார்த்துச் சாரல் நிற்க வேண்டும் என்று ஒரு நாளும், நிற்கக் கூடாது என்று மறுநாளும் வேண்டிக்கொண்டேன்.

காலாண்டுத் தேர்வுக்கு அட்டவணை போட்டார்கள். மறுநாள் காலை அவள் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவெல்லாம் மலையில் மழை பெய்திருந்தது. அருவி கனத்து விழுந்தது, ஆனால் குளிக்க விட்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் நிற்கிற பெண் காவலர் அன்றைக்கு வேறு பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஏட்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ரெண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு வெளியூர்ப் பெண்கள் சிலர் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. வெள்ளையாக விழுந்தது பழுப்பாக விழுந்தது. சருகும் சின்னச் சின்னக் குச்சியும் தலையில் விழுந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், மேலே வெள்ளம் வருகிறது. ஏட்டின் விசில் அடித்தது. சைரனும் போட்டார்கள். பெண்கள் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நானும் ஓடினேன். படியில் ஏறித் திரும்பிப் பார்த்தால் அவள் வரவில்லை.

கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறாள். மேஜையைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்ன அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. எப்படித் திரும்ப உள்ளே இறங்கினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவள் வர விரும்பாமல் நிற்கவில்லை. வர முடியாமல் நிற்கிறாள். ரெண்டு கையும் கம்பியைச் சுற்றி இறுகிவிட்டன. கட்டை விரல் கம்பிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. மூச்சு இழுக்கிறது. கண் என்னையே பார்க்கிறது. நான் ஊது என்று கத்தினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சத்தம் போட்டதில்லை, அவளுக்கு அது கேட்கவே இல்லை. பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்து விரலைப் பிரிக்கப் பார்த்தேன். பிரித்த விரல் திரும்ப மடங்கியது. மேலே இருந்து விழுகிற தண்ணீர் இன்னும் கனத்தது.

அப்போது பூட்ஸ் கால் என் பக்கத்தில் வந்து நின்றது. ஏட்டு தடுப்பைத் தாண்டிப் பெண்கள் பக்கத்துக்குள் இறங்கியிருந்தார். தொப்பி எங்கேயோ போயிருந்தது. அவர் மகளின் கையைப் பார்த்தார். பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன், இழுக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய், வாயைக் குவித்து நீளமாக ஊதினார். ஊதிக்கொண்டே அவள் மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். அவள் அவரைப் பார்த்து ஊதினாள். திரும்ப ஊதினார். விரல்கள் தளர்ந்தன. அந்த நொடியில் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். நாங்கள் படியேறி நிமிர்வதற்குள் நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் பொங்கிக்கொண்டு விழுந்தது.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எனக்குத் திருநெல்வேலியில் ஹாலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். டிரைவரிடம் ஆஸ்பத்திரி என்றார்.

மூன்று பேரும் சொட்டச் சொட்ட நனைந்துபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். அவர் சொன்னது சரிதான், அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. ஓ.பி. சீட்டுக் கவுண்டரில் போய் நின்றார். யாருக்கு, என்ன செய்யுது என்று உள்ளே இருந்து கேட்டார்கள். அவர் ஒரு முறை பின்னால் வரிசையைப் பார்த்தார். காய்ச்சல் என்றார். காய்ச்சல் என்றே சீட்டு வந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டேன்.

காய்ச்சல் சீட்டை வைத்துக்கொண்டே மனநலப் பிரிவு வாசலுக்கு எங்களைக் கூட்டிப் போனார். நர்ஸ் எட்டிப் பார்த்து, என்ன ஏட்டய்யா, கேஸா என்றார். அவர் மகளின் தோளில் கையை வைத்தார்.

"கேஸ் இல்ல சிஸ்டர். எம்பிள்ள."

டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் எங்களுக்குத் துண்டு கொடுக்கச் சொன்னார், பிறகு மகளைப் பேசவிட்டார். நான் நடுவில் புகாமல் இருந்தது பெரிய சாதனை. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள், பேனரிலிருந்து இன்றைய கம்பி வரைக்கும். மூச்சு திரும்ப வராவிட்டால் நல்லது என்று தோன்றுவதையும் அப்பாவின் முன்னால் சொன்னாள். இன்றைக்குத் தண்ணீருக்கடியில் அப்படித் தோன்றியதா என்று டாக்டர் கேட்டார். இல்லை, வெளியே வரத்தான் தோன்றியது, கைதான் விடவில்லை என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இது சரிசெய்யக்கூடியது, நிறையப் பேருக்கு வருவது என்று டாக்டர் விளக்கினார். கடைசியில், வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று கேட்டார்.

மகள் இல்லை என்று தலையாட்டினாள். ஏட்டு சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார், யூனிஃபார்மிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு வரும் டாக்டரம்மா. இவ பொறக்குறதுக்கு முன்னாலேருந்தே வரும். பந்தோபஸ்துல கூட்டம் நெருக்கும்போது வரும். கை இப்படித்தான் இறுகும்."

அப்போது என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"அருவியில போயி நிப்பேன்."

காலையில் அவர் ஊதியது எங்கே கற்றது என்று புரிந்தது. மாசி மாதத்து ஈரத் தலை எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் ஸ்டாஃப் ரூமில் சிரித்த சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த மனிதர் மகளை ஊருக்குப் பயந்து அருவிக்கு இழுத்துக்கொண்டு போகிறார் என்றுதான் நான் அவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அதைத்தான் அவளுக்கும் கொடுத்திருக்கிறார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். எப்பா, இங்கன உக்காருங்க என்றாள். அவர் உட்கார்ந்தார். டாக்டர் காய்ச்சல் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, சரியான சீட்டு போட்டுக்கொண்டு வாருங்கள், உங்களுக்கும் தனியாக ஒன்று போடுங்கள் என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தபடியே இருந்தார். அந்தச் சீட்டை அவர் கையிலிருந்து மகள்தான் வாங்கிக்கொண்டாள்.

வராந்தாவில் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னாலேயே போனேன். தனியாக விடக் கூடாது என்கிற பழக்கம். கவுண்டரில் இப்போது கூட்டம் சேர்ந்திருந்தது. பாதிப் பேருக்கு ஏட்டு மகளைத் தெரிந்திருக்கும். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. என்னம்மா செய்யுது என்று உள்ளே இருந்து கேட்டார்கள்.

"மனநலப் பிரிவுக்கு ரெண்டு சீட்டு வேணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க அப்பாவுக்கு."

வகுப்பில் நான் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற அதே குரல், தெளிவாக, வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், ரெண்டு பேருக்கும் வயசு சொல்லும்மா என்றார்.